உப்புப் படிகமும் அதனைக் காக்கும் முறையும்

மழைநாளில் நம் வீட்டு உப்புச் சாடி கசிவதை நாம் கண்டிருக்கிறோம். அதே உப்பு இயற்கையில் கண்ணாடி போன்ற பெரிய படிகமாகவும் விளைகின்றது. போலந்து நாட்டின் வியலிச்கா சுரங்கத்திலுள்ள படிகக் குகைகளில், கனசதுர வடிவப் பெரும்படிகங்கள் சுவரெங்கும் செறிந்துள்ளன. உப்புநீரிலிருந்து மிக மெதுவாக வளரும் படிகமே இத்தகைய தெளிவைப் பெறும்.

நீரில் பிறந்த உப்புக்கு நீரே பகை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு கசியத் தொடங்கும். 1978இல் உலக மரபுச் சின்னமாகிய வியலிச்காவின் உப்புச் சிற்பங்களை ஈரக்காற்று சிதைத்தமையால், அச்சுரங்கம் 1989 முதல் 1998 வரை அபாயப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

நம் நாட்டிலோ ஈரப்பதம் அவ்வளவைக் கடப்பது இயல்பே. ஆதலின், உப்புப் படிகம் சேகரிக்கும் நாம் அதனை வெறும் நீரில் கழுவலாகாது. உப்பு இனிக் கரையாத அளவுக்குக் கரைந்த நீரில் அலசி, உடனே துணியால் ஒற்றி உலர்த்துதல் வேண்டும். பின்னர், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வைத்தல் நலம். வியர்வைக் கையால் தொடுதலும் கூடாது. படிகக் குகைகள் போன்று பேணப்படும் இடங்களிலிருந்து ஒரு துண்டும் எடுத்தலாகாது.

சேகரித்தல் எளிது, சேகரித்ததைக் காப்பதே அரிது என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக!