வயலினுக்கு ஊரும் சேரியும் தெரியாது

ஆபரா என்பது பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய நாடகம். அதிலும் தீண்டாமை இருந்தது. 1939-ல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் பெரிய அரங்கம் கதவடைத்தது. ஏப்ரல் 9 அன்று அவர் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று பாடினார். 75 ஆயிரம் பேர் திரண்டு கேட்டனர். 1955-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா மேடையும் அவருக்குத் திறந்தது.

பறையடிக்கக் கூப்பிட்ட கைகளுக்கு சபா மேடை தராத கதை நமக்கும் தெரியும். இன்று பணமும் சேர்ந்து தடுக்கிறது. வயலின் விலை, ஆசிரியர் கட்டணம், சென்னைக்குப் பஸ் செலவு எல்லாம் கூலி வீட்டுக்கு எட்டாதவை.

ஆனால் வழி இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' ஏழைப் பிள்ளைகளுக்கு வயலின், செல்லோ போன்றவற்றை இலவசமாகக் கற்றுத் தருகிறது. வெனிசுவேலாவில் 'எல் சிஸ்டெமா' 1975 முதல் இதைச் செய்கிறது.

மாமல்லபுரத்தில் அரசே ஆண்டுதோறும் நாட்டிய விழா நடத்துகிறது, மேடைக்குக் குறைவில்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு வாரம் இரண்டு இசை வகுப்பும், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சில வயலின்களும் கிடைத்தால் போதும். பறையை விட்டுவிட்டு அல்ல, பறையோடு சேர்த்தே நம் பிள்ளைகள் வயலினும் வாசிக்கட்டும்.