மசோதாவும் மக்கள் கண்காணிப்பும்

பாராளுமன்ற அங்கத்தவர் ஒருவரின் பணியை அளத்தற்கு அவர்தம் மேடைப்பேச்சுப் போதாது. அவர் சபையிற் கொணர்ந்த மசோதாக்கள் எவை, அவை எந்நிலையை எய்தின என்பவற்றைத் தொடர்ந்து நோக்குதல் வேண்டும்.

இந்தியாவில் அமைச்சரல்லாத அங்கத்தவரும் தம் பெயரால் மசோதா கொணரலாம். இது தனியங்கத்தவர் மசோதா எனப்படும். லோகசபையில் இத்தகைய அலுவல்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை அமர்வின் இறுதி இரண்டரை மணி நேரமே ஒதுக்கப்படுகின்றது. ஆதலின் அவற்றுட் பெரும்பாலானவை விவாதத்தையும் காணாது மறைவன. சுதந்திரத்தின்பின் சட்டமானவை 14 மட்டுமே. அவற்றுள் இறுதியானது 1970இல் நிறைவேறிற்று.

அப்பதினான்கனுள் ஒன்று 1956இல் பெரோஸ் காந்தி கொணர்ந்தது. சபையிற் பேசுவார்க்கு அரசியலமைப்புக் காப்பளித்தது. அப்பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கோ அத்தகைய காப்பு இருக்கவில்லை. சபை நடவடிக்கைகளைக் கெடுநோக்கின்றி, உண்மை வழுவாது வெளியிடுவோரை வழக்கினின்றும் காத்தது அவர்தம் மசோதா. 1960இல் அவர் மறைந்தார். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், அவர் துணைவியாராகிய இந்திரா காந்தியின் அரசே அச்சட்டத்தை நீக்கிற்று. 1977இல் புதிய அரசு அதனை மீட்டது. அடுத்த ஆண்டில் 44ஆம் திருத்தம் அக்காப்பை அரசியலமைப்பிலேயே பதித்தது.

எனவே, மசோதாக்களின் தொகையை மட்டும் எண்ணி அங்கத்தவரை மதிப்பிடலாகாது. ஒரு மசோதா சட்டமாகாமை அவரது சோம்பலுக்குச் சான்றுமன்று. யாது கொணர்ந்தார், யார் நலம் நாடினார், அதன்பொருட்டு எவ்வாறு வாதாடினார் என்பனவே உரைகல். சபை நடவடிக்கைகள் மக்களை எட்டாவிடின், அவ்வுரைகல் வாக்காளர் கைக்கு வாராது.