ஆயில் வெளுத்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள்

2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் கொட்டிய மழையில் முல்லைப் பெரியாறு கரை மீறி ஓடியது. கம்பம் பள்ளத்தாக்கில் வயலும் தோப்பும் தண்ணீருக்குள் நின்றன. தேனி மாவட்டத்து வீரபாண்டி மாதிரி ஆற்றை ஒட்டியே பிழைக்கும் ஊர்களில் வெள்ளம் வடிந்த மறுநாள் காலை என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தோப்புக்காரர் மோட்டார் கொட்டகைக்குப் போய், சேறு படிந்த ஆயில் இன்ஜினைத் துணியால் துடைத்துவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றுவார். வீட்டு வாசலில் மகன் பைக்கை உதைப்பான். லோடு ஆட்டோக்காரர் சாவியைத் திருப்பிப் பார்ப்பார்.

பல இன்ஜின்கள் சாவது வெள்ளத்தில் அல்ல, அந்த ஒரு நிமிடத்தில்தான். இன்சூரன்ஸ் பணம் கைநழுவுவதும் பெரும்பாலும் அதே நிமிடத்தில்தான். இரண்டையும் ஒன்றாகச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. டீசல் இன்ஜின் காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தித்தான் வெடிக்க வைக்கிறது. அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றால், மேலே வரும் பிஸ்டன் நகர வழியில்லாமல் முட்டும். அப்போது கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ராடு வளைய, சில சமயம் செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகமே போதும். தண்ணீர் சிலிண்டருக்குப் போகாமல் கீழே ஆயிலில் மட்டும் கலந்திருந்தால் ஆபத்து கொஞ்சம் மெதுவாக வரும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் மெல்லிய ஆயில் படலம் அறுந்து, இரும்போடு இரும்பு உரசும். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத் தட்டும் சத்தம் கேட்கும். அதற்குள் கிராங்க் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது. ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தாலோ, அளவு வழக்கத்தைவிட மேலே ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. ஆனால் தேன் நிறத்தில் இருந்தால் உடனே நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இன்ஜின் ஓடாமல் நின்றிருந்தால் தண்ணீர் கலங்காமல் சம்ப்பின் (ஆயில் தொட்டியின்) அடியில் தனியாகத் தங்கியிருக்கும். டிரெயின் நட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டும், பிறகுதான் ஆயில் வரும். வந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு இரவு வைத்தாலும் அடியில் பிரிந்து நிற்பது தெரியும். சில மெக்கானிக்குகள் சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். அதைச் செய்வதானால் ஒரே ஒரு சொட்டுதான். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது, கியரில் போட்டு இழுப்பது இரண்டுமே கூடாது. கட்டி இழுப்பதென்றால் நியூட்ரலில்தான். மெக்கானிக் பழைய ஆயிலையும் ஃபில்டரையும் எடுத்துவிட்டு, டீசல் வண்டியானால் இன்ஜெக்டரையும் பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கையால் இன்ஜினைச் சுற்ற வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியே வரும். பிறகு சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி சுற்றி, புது ஆயில் ஊற்றி, வேகம் ஏற்றாமல் சில நிமிடம் மட்டும் ஓட்டி, அதையும் வடித்துவிட வேண்டும். வெளுப்பு போகும்வரை இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். டீசல் டேங்க், ஏர் ஃபில்டர், கியர் பாக்ஸ், டிராக்டரானால் பின் ஆக்சில் ஆயில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் ஓரிரு நாளிலேயே உள்ளே துரு ஏறிவிடும்.

வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய இன்ஜின் ஆயில் அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் அது போக வேண்டும். கேனில் மூடி, பழைய ஆயில் சேகரித்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். வீரபாண்டி தடுப்பணையில் ஊரே குளிக்கிறது. அந்தத் தண்ணீர்தான் வைகை அணைக்குப் போய்ச் சேர்கிறது.

வெள்ளமே வராமலும் ஆயில் வெளுக்கும். ஆற்றங்கரை ஆயில் இன்ஜினுக்கு இது பழகிய நோய். தண்ணீரில் குளிரும் பம்ப்செட் இன்ஜின்களில், பம்ப் இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கைக் குழாய் வைத்து இன்ஜின் ஜாக்கெட்டுக்குள் திருப்பிவிடுவார்கள். படகு இன்ஜினிலும் வெளித்தண்ணீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணிக்கிறார்கள். அதனால் இரண்டுக்கும் வரும் கோளாறும் ஏறக்குறைய ஒன்றே. ஆற்று மணலும் வண்டலும் ஜாக்கெட்டில் படிந்து அடைத்தால் இன்ஜின் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் ஓரிங் காய்ந்து வெடித்தால் தண்ணீர் நேராக ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். ஐம்பது அறுபது ரூபாய் ஓரிங்கை மாற்றாமல் விட்டு, கடைசியில் கிராங்கையே மாற்றியவர்கள் உண்டு. ஆகவே சீசனுக்கு ஒருமுறை ஜாக்கெட்டைக் கழுவுங்கள். பம்ப் ஓடும் நாட்களில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கடலோரப் படகுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: இன்ஜின் பிடிக்காமலே நெடுநேரம் செல்ஃப் அடித்தால், புகைக்குழாயில் தேங்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பி ஏறும். கடல் நீர் உள்ளே போயிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே மற்ற வேலை.

கார், டிராக்டரில் ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்து போனவர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆறும்வரை காத்திருங்கள். குளிர்காலக் காலையில் பக்கத்துக் கடைவரை மட்டும் போய்வரும் பைக்கில் ஆயில் மூடியின் உட்புறத்தில் மட்டும் லேசான வெள்ளைப் படிவு இருந்தால் பயப்பட வேண்டாம். அது காற்றின் ஈரம். நல்ல தூரம் ஓட்டினால் போய்விடும்.

இனி பணத்துக்கு வருவோம். கையில் இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. பைக்குகளில் நிறையப் பேர் அதை மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளம் அதில் அடங்கும். ஆனால் அதே பாலிசி, தொடர் விளைவாக வரும் நஷ்டத்தையும் இயந்திரக் கோளாறையும் விலக்கி வைக்கிறது. பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்றும் நிபந்தனை உண்டு. ‘தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால், ராடு வளைந்தது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால்’ என்று நிறுவனம் சொல்வது இதை வைத்துத்தான். இந்த ஓட்டையை அடைக்க ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று கூடுதல் காப்பீடு இருக்கிறது. பெரும்பாலும் வண்டியின் வயதைப் பார்த்துத் தருவார்கள். பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ கேட்டு வாங்க வேண்டும், மழை வந்த பிறகு கிடைக்காது. ஆற்றோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் ஏஜென்டிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். பம்ப்செட்டுக்கும் தனிக் காப்பீடு இருக்கிறது. அதில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

சேதம் நடந்த அன்றே ஆதாரத்தைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் நின்ற அளவு தெரிய, நம்பர் பிளேட்டோடு போட்டோ எடுங்கள். வண்டியை நகர்த்தும் முன்பே நிறுவனத்துக்குச் சொல்லி, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். துருவுக்குப் பயந்து ஆயிலை உடனே வடிக்க வேண்டியிருந்தால் அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு, மெக்கானிக் முன்னிலையில் ஒரு பாட்டில் ஆயிலைப் பிடித்து, மூடி, தேதி எழுதி வையுங்கள். வழக்கு என்று வந்தால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கரண்டும் போனும் இல்லாமல் தகவல் சொல்லத் தாமதமானாலும் மனம் தளர வேண்டாம். நியாயமான கோரிக்கையைத் தாமதத்தை மட்டும் காட்டித் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பு தரலாம், நிறுவனம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். வழிகாட்டலுக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவச எண் 155255. ஆனால் அதே வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் நடந்துகொண்டிருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒர்க்‌ஷாப் மீதும் உங்களுக்கு உரிமை உண்டு. பில் தர மறுப்பதே 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் மாற்றிய பாகங்களின் பெயரும் ஊற்றிய ஆயிலின் பிராண்டும் அளவும் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். வெள்ளமே காணாத புது வண்டியில், வாரண்டி காலத்துக்குள் ஆயில் வெளுத்தால் ‘தண்ணீரில் விட்டிருப்பீர்கள்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். ஒர்க்‌ஷாப்காரர் அப்படி நினைத்தால் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

‘தொழிலுக்கு வாங்கிய இன்ஜின், நீ நுகர்வோரே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. லோடு ஆட்டோ ஓட்டுபவரும் தன் வயலுக்கு இறைக்கும் விவசாயியும் அதில் வருவார்கள். வழக்கை இன்ஜின் வாங்கிய ஊரில் போட வேண்டியதில்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வீரபாண்டிக்காரர் என்றால் தேனி நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம்.