சீனப் பாட்டியின் பேரிக்காயும் அம்மம்மாவின் கஞ்சியும்



ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம்மில் பலருடைய அயலவர்கள் சீனர்கள். மீனும் இஞ்சியும் கீரையும் வாங்க நாம் அவர்களுடைய கடைகளுக்குத்தான் போகிறோம். இலையுதிர் காலத்தில் அங்கே வரும் பாட்டிமாரின் கூடைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பேரிக்காய், தாமரைக் கிழங்கு, காய்ந்த செவ்விலந்தைப் பழம், கற்கண்டு. குளிர் கூடினால் இஞ்சியும் ஆட்டிறைச்சியும். பருவம் மாறும்போது அடுப்பில் ஏறும் பானையும் மாற வேண்டும் என்பது அவர்களுடைய பழைய பாடம். நம்முடைய வீடுகளிலும் அப்படி ஒரு பாடம் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

காய்ந்த காற்றுக்கு ஈரமான உணவு

சீனரின் பழைய நாட்காட்டி ஆண்டை 24 பருவங்களாகப் பிரிக்கிறது. அதன்படி நவம்பர் 7 அளவில் குளிர்காலம் பிறக்கிறது. அதற்கு முந்திய இலையுதிர் காலத்தின் குணம் வறட்சி என்றும், அது தொண்டையையும் நுரையீரலையும் தாக்கும் என்றும் அவர்களுடைய வைத்திய மரபு சொல்கிறது. ஆகவே பேரிக்காயின் நடுவைக் குடைந்து, கற்கண்டும் இரண்டு செவ்விலந்தையும் உள்ளே வைத்து, ஆவியில் அவித்துச் சாற்றோடு சாப்பிடுவார்கள். செவ்விலந்தை வேறெதுவுமல்ல, நம் ஊர் இலந்தைக்கு நெருங்கிய உறவு.

குளிர் இறுகியதும் சூடு தரும் உணவுகள் வரும். இஞ்சியும் ஒரு மூலிகை வேரும் போட்டுக் காய்ச்சும் ஆட்டிறைச்சி சூப்பைப் பற்றி, ஹான் அரசர் காலத்து வைத்தியர் சாங் ஜொங்ஜிங் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். பிள்ளை பெற்ற தாய்க்கு வரும் வயிற்று நோவுக்கும் அவர் அதைச் சொன்னார். பிள்ளைப்பேற்று வீட்டில் அம்மம்மா சரக்கு அரைத்துக் கறி வைத்ததை அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது.

வறட்சியைப் பற்றிய பாடம் ரொறன்ரோவுக்கு நன்றாகவே பொருந்துகிறது. யாழ்ப்பாணத்து மார்கழி ஈரமான குளிர். இங்கே இருப்பது காய்ந்த குளிர். உறைந்த காற்றில் ஈரம் குறைவு. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சூடாக்கும்போது இன்னும் காய்ந்து போகிறது. மூக்கும் தொண்டையும் உதடும் வெடிப்பது அதனால்தான். தாகம் தெரியாததால் நாம் தண்ணீரும் குறைவாகவே குடிக்கிறோம். இந்த நாட்களில் சூப்பும் கஞ்சியும் சாறுள்ள பழமும் உடலுக்கு இதமானவை. நயாகராப் பக்கத்துத் தோட்டங்களின் பேரிக்காய் இலையுதிர் காலத்தில் கடைகளுக்கு வருகிறது. பூசணி, கரட், பீற்றூட், கோவா ஆகியவை குளிர்காலம் முழுவதும் கிடைக்கும்.

நம் பானையில் என்ன இருக்கிறது?

சீனர் கடைகளில் ‘கொஞ்சி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் அரிசிக் கஞ்சியை அவர்கள் கன்ரனீஸ் மொழியில் ‘ஜூக்’ என்பார்கள். ஆங்கிலப் பெயரோ நம்முடைய ‘கஞ்சி’தான். போர்த்துக்கேயர் அந்தச் சொல்லைத் தென்னிந்தியக் கரையில் கேட்டு எடுத்துச் சென்றார்கள். பிறகு அது ஆங்கிலத்துக்குப் போனது.

தடிமனுக்கு மல்லித் தண்ணியும் மிளகு ரசமும், மழைக்கு ஒடியல் கூழும், இடுப்புக்குப் பலம் என்று உளுத்தங்களியும் நம் வீடுகளில் இருந்தவை. சீனக் குடும்பங்கள் டிசம்பர் 21 அளவில், ஆண்டின் மிக நீண்ட இரவில், ஒன்றுகூடுகின்றன. தென்சீனத்தவர் அன்று அரிசிமா உருண்டைகளை இனிப்புச் சாற்றில் இட்டு உண்பார்கள். யாழ்ப்பாணத்து ஆடிக்கூழை அறிந்தவர்கள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் சிரிப்பார்கள்.

இரு மரபுகளும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. இஞ்சி சூடு, பயறு குளிர்ச்சி என்பதில் இருவரும் ஒன்று. நண்டில் பிரிந்துவிடுகிறார்கள். நமக்கு அது சூடு. தடிமனுக்கு நண்டு ரசம் வைப்போம். சீனருக்கு அது குளிர்ச்சி. அதைச் சமப்படுத்த இஞ்சியோடு உண்பார்கள். ஆகவே இவற்றை மாறாத விஞ்ஞான விதிகளாக அல்ல, கவனித்துச் சமைத்த மக்களின் அனுபவமாக எடுத்துக்கொள்வோம்.

யின், யாங் என்பது வேறொரு தத்துவம் அல்லவா, கிறிஸ்தவர்கள் தொடலாமா என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. தத்துவத்தை ஏற்காமலே பேரிக்காயை அவிக்கலாம். பழத்தைப் படைத்தவரும் பருவங்களை வைத்தவரும் ஒருவரே என்று நம்புகிற நமக்கு அதில் தடையில்லை.

கஞ்சி செய்யாத வேலைகள்

இங்கேதான் வாலிபரின் உதவி தேவை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் மாத்திரைகளோடு மூலிகையும் எடுக்கிறார்கள். வைத்தியரிடம் அதைச் சொல்வதில்லை. இரு மரபுகளிலும் உள்ள அதிமதுரத்தை அதிகம் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, அந்த ஆட்டிறைச்சி சூப்பில் போடும் மூலிகை வேரும், சீனர் சூப்பில் இடும் கோஜிப் பழமும் ஆபத்தாகலாம். வெள்ளையரிசிக் கஞ்சி நீரிழிவுக்காரரின் சீனியை விரைவாக ஏற்றும். குரக்கனும் பயறும் மரக்கறியும் சேர்த்து அளவாகக் கொடுப்பது நல்லது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

வைட்டமின் டி பேரிக்காயிலும் இல்லை, கஞ்சியிலும் இல்லை. டிசம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணி நேரம். இங்கே ஏறக்குறைய 9 மணி நேரம்தான். அந்தச் சரிந்த வெயிலில் நம் தோல் அந்த வைட்டமினைப் போதிய அளவு உண்டாக்காது. 9 முதல் 70 வயது வரை நாளுக்கு 600 அலகும், அதற்கு மேற்பட்டோருக்கு 800 அலகும் தேவை. கனடாவின் பசுப்பாலில் அதைச் சேர்ப்பது சட்டம். சமன் மீனிலும் உண்டு. வில்லை வேண்டுமா என்று குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். காய்ச்சல் தடுப்பூசியும் மறக்கவேண்டாம். ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டு முதல் அது எல்லோருக்கும் இலவசம்.

இந்தக் குளிர்காலத்தில்

விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் ரைஸ் குக்கரிலேயே இதைச் செய்யலாம். அரைக் கப் சிவப்பரிசி, கால் கப் உடைத்த பயறு, ஆறு கப் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, நான்கு பல்லு உள்ளி. நன்றாகக் குழைந்ததும் கரட்டும் ஒரு பிடி கீரையும் உப்பும் சேர்த்து இன்னும் பத்து நிமிடம். பரீட்சை நாட்களில் கோப்பியும் டோனட்டும் மட்டும் சாப்பிட்டுப் படுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். அம்மம்மாவிடம் சரக்கு அரைக்கும் அளவைக் கேட்டு எழுதுங்கள். அவர் கண்ணளவாகச் சொன்னால் கரண்டியால் அளந்து குறியுங்கள். பிறகு அவர் எடுக்கும் மாத்திரை, மூலிகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போங்கள். அங்கே ஆங்கிலத்தில் கேட்டு, அவருக்குத் தமிழில் விளக்க உங்களால் முடியும்.

கடைசியாக, பனி கொட்டும் வாரங்களில் ஆராதனைக்கு வரமுடியாமல் தனியே இருக்கும் பெரியவர்கள் நம் சபையிலும் உண்டு. கஞ்சி வைக்கும்போது இரண்டு கப் தண்ணீர் கூட விட்டால் இன்னும் ஒருவருக்குக் காணும். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.