பாஸ்புக் இருந்தால் ஏழை இல்லையா?

வங்கியில் நகைக்கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு முன்னால், செய்யாறு சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து அதே ஆட்கள் அதே நகையோடு வருவார்கள். மல்லாட்டை விற்று மீட்பார்கள். அடுத்த ஆடிக்குத் திரும்பவும் வைப்பார்கள். இவர்கள் ஏழையா, இல்லையா? அரசு இதை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்ப்போம்.

நெடுங்காலம் இருந்தது கலோரிக் கணக்கு. 1979-ல் அலக் குழு, கிராமத்தில் ஒருவருக்கு நாளைக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100 என்று வைத்து, அந்த அளவு சாப்பிடுகிறவர்களின் மொத்தச் செலவைக் கோடாக எடுத்துக்கொண்டது. 2009-ல் டெண்டுல்கர் குழு படிப்பு, மருத்துவச் செலவையும் கணக்கில் கொண்டுவந்தது. அந்த முறைப்படி 2011-12-ல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கான கோடு, ஒருவருக்கு மாதம் 880 ரூபாய். அதாவது நாளைக்கு 29 ரூபாய் செலவழித்தாலே அவர் ஏழை இல்லை!

கோடு தாழ்வாக இருப்பது மட்டும் குறை இல்லை. செலவைப் பார்க்கிறார்களே தவிர, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டினாலும் அது செலவுதான். கடனாளி ஆனவர் காகிதத்தில் மேலே ஏறிவிடுவார்.

இப்போது நிதி ஆயோக், பல்பரிமாண வறுமைக் குறியீடு என்று ஒன்றை வெளியிடுகிறது. ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று மொத்தம் 12 விஷயங்கள். 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்தான். சத்துணவும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் கடன் கிடையாது, நிலம் கிடையாது. வீட்டுப் பொருட்களில் மாட்டுவண்டி உண்டு, மாடு கிடையாது. 2014-ல் ஜன்தன் திட்டம் வந்தபோது நானே எத்தனையோ ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்து கொடுத்தேன். கணக்கு இருந்தால் அந்த இடத்தில் 'குறை இல்லை'. உள்ளே பணம் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை.

நம் ஊர்க் குழுக்களில் நாமே நாலு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். கடன் எவ்வளவு? நகை வீட்டில் இருக்கிறதா, அடகுக் கடையிலா? அடுத்த பட்டத்துக்கு விதை கைவசம் உண்டா? ஒரு போகம் பொய்த்தால் எத்தனை மாதம் தாங்கும்?

உரத்துக்கும் மருந்துக்கும் வாங்கும் கடனைக் குறைத்தால், முதலில் மாறுவது இந்த நாலு பதில்களும்தான். எந்தக் குறியீட்டிலும் அது தெரியாது. நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.