‘அவற்ர வேலை போயிடும் பிள்ளை’

லண்டனில், ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ ஒரு தமிழ் வீட்டுக்குப் போலீஸ் வந்துபோனால், அடுத்து வருவது சமாதானம் பேச ஒரு பெரியவர். அவர் பேசுவது அடித்தவரிடம் அல்ல, அடி வாங்கியவளிடம். “கேஸை வாபஸ் வாங்கு பிள்ளை. அவற்ர வேலை போயிட்டால் வீட்டு லோனை ஆர் கட்டுறது?”

இதில் பாதி உண்மை. வேலைக்கு ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. வாபஸ் வாங்கினால் அது நீங்கிவிடும் என்பதுதான் பொய். இங்கிலாந்தில் வழக்கை நடத்துவதா கைவிடுவதா என்று முடிவெடுப்பது கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ். 999 அழைப்பின் ஒலிப்பதிவு, போலீஸ்காரரின் உடையில் இருக்கும் கேமரா, காயத்தின் படம் ஆகியவை போதுமானால், மனைவி சாட்சிக் கூண்டில் ஏறாமலே வழக்கு நடக்கும்.

வேலை தங்கியிருக்கும் லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். டாக்டர் மீது குற்றம் சாட்டப்பட்டால், தீர்ப்பு வரும்வரை அவர் காத்திருக்க முடியாது. ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நர்ஸுக்கும் சொலிசிட்டருக்கும் அவரவர் அமைப்பில் இதே கடமை உண்டு. வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்காரர் தன் லைசென்ஸைக் கொடுத்த எஸ்.ஐ.ஏ.வுக்குச் சொல்ல வேண்டும். மினிகேப் ஓட்டுபவர்களுக்கு இன்னும் கடுமை. போக்குவரத்து அமைச்சு 2020இல் வெளியிட்ட தரவிதிகளின்படி, வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாகி வெளியே வந்தாலே 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். தண்டனை பெற்றால், அது முடிந்து 10 ஆண்டுகள் ஆகும்வரை லைசென்ஸ் தரக் கூடாது என்பது பொது விதி.

மூலைக்கடை நடத்தும் நம்மவர்கள் பலர் மறந்துவிடுவது ஒன்று உண்டு. மது விற்க எடுத்த பர்சனல் லைசென்ஸ் கையில் இருந்தால், காயம் விளைவித்தல் போன்ற குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் முதல்முறை நிற்கும்போதே அதைச் சொல்லியாக வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அது. குற்றம் உறுதியானால் லைசென்ஸை 6 மாதம்வரை நிறுத்திவைக்கவோ முற்றாகப் பறிக்கவோ நீதிமன்றத்தால் முடியும்.

இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் அதைவிட மோசமான யோசனை இல்லை. மறைத்ததே நேர்மையின்மை என்று தனிக் குற்றச்சாட்டாகிவிடும். கோபத்தில் செய்ததற்கு வருந்துகிறேன் என்று ஒரு தீர்ப்பாயத்தின் முன் சொல்ல இடமுண்டு. பொய் சொன்னவரை அவர்கள் லேசில் நம்புவதில்லை.

வழக்கில் விடுதலை கிடைத்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. குற்றவியல் நீதிமன்றம் ஐயமறக் குற்றத்தை நிரூபிக்கக் கேட்கும். தொழில் அமைப்புகளோ, நடந்திருக்க அதிக வாய்ப்பு உள்ளதா என்று மட்டும் பார்க்கும். டாக்டர்களுக்கு 2008 முதல், சொலிசிட்டர்களுக்கு 2019 நவம்பர் முதல் இந்த அளவுகோல்தான். வேலைக்கு எடுக்குமுன் குற்றப் பின்னணியைப் பார்க்கக் கேட்கும் டி.பி.எஸ். சான்றிதழ் விஷயமும் சேர்ந்துகொள்கிறது. பாலியல் வன்முறை வழக்கில் விடுதலையான ஒரு டாக்ஸி ஓட்டுநர், அந்தக் குற்றச்சாட்டைப் போலீஸ் தன் சான்றிதழில் குறிப்பிட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார். 2018 ஜூலையில் தோற்றார். இத்தகைய தகவலை வேலை கொடுப்பவர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பது பற்றி நீதிபதிகளே கவலை தெரிவித்தார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பு நெருடலாகத்தான் இருக்கிறது. நிரபராதி என்று வெளியே வந்தவரின் பின்னாலேயே ஒரு காகிதம் நடந்துவருவது நியாயமா என்று கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால், கண்டுகொள்ளாமல் விட்டதன் விலையை இந்த நகரம் பார்த்திருக்கிறது. மெட்ரோபாலிட்டன் போலீஸில் ஆயுதம் ஏந்திய டேவிட் காரிக் மீது புகார்கள் வந்தும், ஆண்டுக்கணக்கில் அவர் சீருடையிலேயே இருந்தார். 2023 ஜனவரியில் பல பெண்களை வன்கொடுமை செய்ததை அவர் ஒப்புக்கொண்டதும், வீட்டு வன்முறையும் பாலியல் குற்றமும் தொடர்பான பழைய புகார்களைப் புரட்டிப் பார்ப்பதாக ஆணையர் மார்க் ரௌலி அறிவித்தார். 1,633 சம்பவங்கள், 1,071 அதிகாரிகளும் ஊழியர்களும். பின்னணிச் சோதனையில் தேறாத போலீஸ்காரர்களை அதை மட்டும் காட்டி நீக்க முடியாது என்று 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களிலேயே, அப்படி நீக்க வழிசெய்து அரசு விதியை மாற்றியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்கு இதுவே போதும்.

கை நீட்டினால்தான் வன்முறை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சேதி. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, போனைச் சோதிப்பது, அம்மாவோடு பேசவிடாமல் தடுப்பது என்று துணையைத் தொடர்ந்து அடக்கியாள்வது 2015 டிசம்பர் முதல் தனிக் குற்றம். உச்ச தண்டனை 5 ஆண்டு.

சமாதானம் பேசும் பெரியவர்களுக்கும் அதே 5 ஆண்டுதான். சாட்சி சொல்லவிடாமல் அவளை மிரட்டினால் அதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. “உன்ர விசா போயிடும்” என்று பயமுறுத்துவதும் இதில் சேரும். அந்தப் பயமுறுத்தலும் முழு உண்மை அல்ல. பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள கணவரோடு வாழ, துணைவர் விசாவில் வந்த பெண் வன்முறையால் பிரிய நேர்ந்தால், தானே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு.

ஆகவே பெரியவரே, வேலை போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டிய ஆள் அவள் அல்ல. அவனிடம் போய்ச் சொல்லுங்கள், அடுத்த முறை கை ஓங்குவதற்கு முன்பே. அவளிடம் போவதானால் இந்த எண்ணைக் கொடுங்கள்: 0808 2000 247. ரெஃப்யூஜ் அமைப்பு நடத்தும் தேசிய உதவி இணைப்பு, 24 மணி நேரமும் இலவசம்.