கொழுந்து வாடும் மாடி

டயகம முதலிய மலைத்தோட்டங்களில் மக்கள் ‘ஸ்டோர்’ என்றழைக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் மேல்மாடியிலே சன்னல்கள் வரிசையாக அமைந்திருப்பது அழகுக்காக அன்று. அக்காலத்தில் சாக்குத்துணித் தட்டுகளில் பரப்பிய கொழுந்து, அவ்வழி வந்த காற்றிலேயே பெரும்பாலும் வாடிற்று. பின்னர் வந்த தொட்டிகளிலோ மின்விசிறிகள் பல மணி நேரம் சுழல்கின்றன.

மழைக்காலத்தில் இவை இன்றியமையாதவையே. ஆயினும், கொழுந்து வாட வாட அதற்கு வேண்டிய காற்றும் குறையும். அந்நிலையில் விசிறியின் வேகத்தை ஐந்திலொரு பங்கு தணித்தால், அது கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வெயில் நாளில் வெளிக்காற்றே போதும். அதனைச் சூடாக்க விறகு வேண்டா. விறகையும் கூரையின்கீழ் உலர்த்தி எரித்தால் செலவு குறையும், காடும் பிழைக்கும்.

செலவு தாங்காது ஸ்டோர் மூடப்படின், லயத்து அடுப்புகளும் அணையும். ஆதலின், விசிறியருகே நிற்பவரின் கவனமே பல குடும்பங்களின் சோறாகும்.